பார்பிட்யூரேட் அல்லாத மாத்திரை: மாண்ட்ராக்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

2016 அக்டோபர் கடைசியில் ராஜஸ்தானின் உதய்பூரில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்தினர் ஒரு தொழிற்கூடத்தைச் சோதனையிட்டார்கள். உள்ளே பெட்டி பெட்டியாக மாத்திரைகள் அடுக்கியிருந்தன. எண்ணிக்கை ஏறத்தாழ 2 கோடி. எடை 23 டன்னுக்கு மேல். மில்லிகிராமில் அளக்க வேண்டிய பொருளை அரிசி மூட்டையைப் போல டன் கணக்கில் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த மாத்திரையின் பெயர் மாண்ட்ராக்ஸ். உள்ளிருக்கும் மருந்து மெத்தகுவலோன். இந்தியாவில் அதை எந்த மருத்துவரும் சீட்டில் எழுதி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நோயாளியே இல்லாத மருந்துக்கு 2 கோடி மாத்திரை எதற்கு என்ற கேள்விதான் இந்த ஆய்வின் தொடக்கம். விடையைத் தேடிப் போனால் மலேரியா, தூக்கமின்மை, ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் விஷமுறிவுப் பிரிவு, கேப் டவுனின் சந்துகள் என்று சுற்றிக்கொண்டு மறுபடி நம் நாட்டுக்கே வந்து சேர்கிறோம். இந்த மருந்து பிறந்ததும் இங்கேதான்.

மலேரியாவைத் தேடிப் போனவர்கள்

சீன வைத்தியத்தில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் சாங்ஷான் என்ற செடி ஒன்று உண்டு. அதன் வேரில் இருக்கும் ஃபெப்ரிஃபியூஜின் மலேரியாக் கிருமியைக் கொல்லும். ஆனால் குடலைப் புரட்டி வாந்தியெடுக்க வைப்பதால் மருந்தாகப் பயன்படவில்லை. அதன் வேதியியல் எலும்புக்கூடு குவினசோலினோன் என்ற இரட்டை வளையம். அந்த வளையத்தை வைத்துக்கொண்டு, வாந்தி வராத மலேரியா மருந்து ஒன்றைச் செய்துவிட முடியாதா என்று உலகின் பல ஆய்வகங்கள் முயன்ற காலம் அது. இந்தியாவில் இந்திர கிஷோர் காக்கர், சையத் ஹுசைன் ஜஹீர் இருவரும் அதே நோக்கத்தோடு 1951இல் ஒரு வரிசைச் சேர்மங்களைத் தயாரித்தார்கள். அவற்றில் ஒன்றுதான் மெத்தகுவலோன். ஜஹீர் பின்னாளில் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநராகவே உயர்ந்தவர்.

மலேரியாவுக்கு அது உதவவில்லை. ஆனால் 1955இல் லக்னோவில் எம்.எல்.குஜ்ரால் குழுவினர் இந்த வகைச் சேர்மங்களை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவை தூங்கிவிட்டன. மருந்தியலில் இப்படி நடப்பது அரிதல்ல. தேடியது ஒன்று, கையில் சிக்கியது இன்னொன்று. சிக்கியதை என்ன பெயரிட்டு விற்கிறோம் என்பதில்தான் பின்னால் வரும் வினைகளெல்லாம் ஒளிந்திருக்கின்றன.

‘அல்லாத’ என்ற சொல்

அந்தக் காலத் தூக்க மாத்திரை என்றால் பார்பிட்யூரேட். தூக்கம் வரவழைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையே அதிகத் தூரம் கிடையாது. மேற்கத்திய நாடுகளில் தற்கொலைக்கும், மறதியில் இரண்டு முறை விழுங்கிவிட்டு இறந்துபோவதற்கும் அது வீட்டிலேயே கிடைக்கும் பொருளாகிப் போயிருந்தது. ‘பார்பிட்யூரேட் அல்லாதது’ என்று அட்டையில் போட்டுவிட்டால் எதையும் விற்கலாம் என்ற நிலை.

நான் மாணவனாக இருந்தபோது நூலகத்தில் கிடைத்த பழைய மருந்தியல் நூல்களில் இதே பெயரில் ஒரு தனித் தலைப்பே இருந்தது: பார்பிட்யூரேட் அல்லாத துயில் மருந்துகள். இன்று அந்தப் பட்டியலைப் படித்தால் இடுகாட்டில் பெயர்ப்பலகை படிப்பது போலிருக்கிறது. 1954இல் வந்த குளூட்டெத்திமைடு, 1955இல் வந்த மெப்ரோபமேட், எத்குளோர்வைனால், எல்லாமே பழக்கத்தில் தள்ளக்கூடியவை என்று பின்னால் தெரிந்தவை. 1957இல் ஜெர்மனியின் குரூனெந்தால் நிறுவனம் விற்பனைக்கு விட்ட தாலிடோமைடும் இந்த வரிசையில்தான் சேரும். அளவு மிஞ்சினாலும் ஆளைக் கொல்லாத, கர்ப்பிணிகளுக்கும் ஏற்ற தூக்க மருந்து என்றார்கள். 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்பட்டபோது கையும் காலும் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்திருந்தார்கள்.

ஒரு பொருள் இன்னது அல்ல என்பதை அதன் தகுதியாகச் சொல்வது சந்தைக்காரனுக்கு வசதியான ஏற்பாடு. என்னவாக இருக்கிறது என்று அவன் சொல்லவேண்டியதில்லை, கேட்பவருக்கும் தோன்றுவதில்லை. மெத்தகுவலோன் அந்த அட்டையோடுதான் 1960களில் உலகெங்கும் போனது. ஜப்பானில் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே இளைஞர்களிடம் அது போதைப் பொருளாகப் பரவியிருந்தது. அந்தச் செய்தி கிடைத்த பிறகும், 1965இல் அமெரிக்காவில் வில்லியம் எச்.ரோரர் நிறுவனம் ‘குவாலூட்’ என்ற பெயரிலும், பிரிட்டனில் ரூசெல் நிறுவனம் ‘மாண்ட்ராக்ஸ்’ என்ற பெயரிலும் அதை இறக்கின. இந்த இடத்தில் அறியாமை என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வாயில் ஒன்று, கைப்பிடி வேறு

மூளையில் நரம்பணுக்களை அடக்கி வைக்கும் வேலை காபா என்ற சிறிய மூலக்கூறினுடையது. அது வந்து அமரும் ஏற்பி, ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவே ஒரு துளையை விட்டிருக்கும் வாயில். காபா அமர்ந்ததும் வாயில் திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், நரம்பணு அமைதியாகும். மது, பார்பிட்யூரேட், பதற்றத்தைத் தணிக்கும் டயசிபாம், பல மயக்க மருந்துகள் என எல்லாமே இந்த வாயிலை வெவ்வேறு இடத்தில் பிடித்து அசைப்பவைதான்.

டயசிபாம் வகை மருந்துகள் வாயிலின் வெளிப்புறத்தைத் தொடுகின்றன. காபா இருந்தால்தான் அவற்றால் எதுவும் செய்ய முடியும். இருக்கும் காபாவின் வேலையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதோடு சரி. தனியாக விழுங்கினால் அவை ஆளைக் கொல்வது அரிது என்பதற்குக் காரணம் இதுவே. பார்பிட்யூரேட் அப்படியல்ல. சவ்வுக்குள் புதைந்த பகுதியில் அமர்கிறது. அளவு ஏறினால் காபா இல்லாமலேயே வாயிலைத் திறந்து வைத்துவிடும். மூச்சை இயக்கும் நரம்பு மையமும் அப்போது சேர்ந்தே அடங்கும்.

மெத்தகுவலோன் எங்கே அமர்கிறது? மருந்துச் சந்தையை விட்டு அது போய் முப்பது ஆண்டு கழிந்த பிறகு, 2015இல்தான் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முறையாகப் பார்த்தார்கள். ஆப்பிரிக்கத் தவளையின் முட்டை அணுவில் மனித ஏற்பியை வளர்த்து, அதன் மேல் மருந்தை ஊற்றி, மின்னோட்டத்தை அளந்தார்கள். டயசிபாமின் இடத்தையும் அது தொடவில்லை, பார்பிட்யூரேட்டின் இடத்தையும் தொடவில்லை. சவ்வுக்குள் பீட்டா, ஆல்ஃபா என்னும் இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடுக்கில், எட்டோமிடேட் என்ற அறுவை அரங்க மயக்க மருந்து அமரும் இடத்தை ஒட்டி அது வேலை செய்வதாகத் தெரிந்தது. சில வகை ஏற்பிகளில் காபாவையே மிஞ்சும் அளவுக்குத் தூண்டுகிறது, வேறு சிலவற்றில் அசைவே இல்லை.

ஆக, ‘பார்பிட்யூரேட் அல்லாதது’ என்று விற்றவர்கள் பொய் சொல்லவில்லை. வளையம் வேறு, அமரும் இடமும் வேறு. ஆனால் திறக்கும் வாயில் அதேதான். வேதியியல் சொன்ன உண்மையை வைத்து மருந்தியல் பற்றி ஒரு நம்பிக்கையை வாங்கிவிட்டார்கள்.

உடலில் அது தங்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். கொழுப்பில் கரையும் பொருளாதலால் மூளைக்குள் எளிதில் ஏறும். ஆனால் வெளியேற அவசரப்படாது. அரை ஆயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 20 முதல் 60 மணி. திங்கள் இரவு போட்ட மாத்திரையில் கிட்டத்தட்டப் பாதியோ அதற்கு மேலோ செவ்வாய் இரவிலும் உள்ளே இருக்கும், அதன் மேல் இன்னொன்று விழும். தினமும் போடுபவரின் உடலில் ஒரு வாரத்திற்குள் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று சீட்டு எழுதியவரே கணக்குப் போட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

சாப்பிட்டவர்கள் சொன்ன அறிகுறிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி. முதலில் உதட்டிலும் விரல் நுனியிலும் ஒரு மரமரப்பு. பிறகு தசையெல்லாம் தளரும். அந்த நேரத்தில் விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டால் தூக்கம். படுக்காமல் தூக்கத்தை எதிர்த்து உட்கார்ந்திருந்தால், கூச்சமும் கவலையும் கழன்றுபோன ஒரு மிதப்பு. மருந்தும் போதையும் அரைமணி நேரம் ஒரே பாதையில் வந்து, படுக்கை அருகே பிரிகின்றன. இவ்வளவு மெல்லிய எல்லைக்கோட்டை நம்பித்தான் அது ‘பாதுகாப்பானது’ என்று விற்கப்பட்டது.

தாங்குதிறன் இதைவிட மோசமான கதை. மிதப்பையும் தூக்கத்தையும் தரும் விளைவுக்கு உடல் சீக்கிரம் பழகிவிடும். ஆகவே அளவு ஏறும். ஆனால் வலிப்பையும் மூச்சடைப்பையும் உண்டாக்கும் அளவு அதே வேகத்தில் மேலே நகர்ந்து வழிவிடாது. பழையதே கிடைக்க வேண்டுமென்று ஒருவர் ஏற ஏற, மேற்கூரை அவர் தலையை நெருங்குகிறது. மதுவும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம், அதுவும் அதே வாயிலைத்தான் பிடித்து அசைக்கிறது. பழகியவர் திடீரென்று நிறுத்தினாலோ, குடிநோயாளி குடியை நிறுத்தியது போல நடுக்கம், தூக்கமின்மை, பிதற்றல், வலிப்பு.

எடின்பரோவின் படுக்கைகள்

பிரிட்டன் மாத்திரையில் 250 மில்லிகிராம் மெத்தகுவலோனோடு 25 மில்லிகிராம் டைஃபென்ஹைட்ரமினும் சேர்ந்திருந்தது. நம் ஊரில் ஒவ்வாமைக்கும் இருமலுக்கும் கொடுக்கும், கண்ணைச் செருக வைக்கும் அதே மருந்துதான். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். 1965இல் கடைக்கு வந்த இந்த மாத்திரையால் நஞ்சேறி வந்த 116 பேருக்கு அளித்த சிகிச்சையைப் பற்றி எடின்பரோ மருத்துவர்கள் 1968இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மூன்றே ஆண்டு, ஒரே குழுவின் கையில் 116 பேர்.

அங்கே அவர்களைத் தடுமாற வைத்தது நோயாளியின் தசை. பார்பிட்யூரேட்டால் ஆழ்மயக்கத்தில் கிடப்பவரின் கையைத் தூக்கி விட்டால் ஈரத்துணி போலத் தொப்பென்று விழும். மாண்ட்ராக்ஸ் நோயாளி நினைவில்லாமல் கிடப்பார், ஆனால் உடல் விறைத்திருக்கும். முழங்காலைச் சுத்தியலால் தட்டினால் கால் எகிறும். தசைகள் தாமே துடிக்கும், வலிப்பு வரும். தூங்க வைக்கும் மருந்தை அதிகம் விழுங்கியவருக்கு ஏன் இந்த விறைப்பு என்று கேட்டால், ஏற்பி வகைக்கு ஏற்ப அதன் நடத்தை மாறுகிறது என்ற மேற்சொன்ன கண்டுபிடிப்பு ஒரு துப்புத் தரலாம், அதற்கு மேல் நான் சொல்லத் துணியமாட்டேன். விஷமுறிவு மருந்து எதுவும் கிடையாது. அவர்கள் தேர்ந்தெடுத்தது நிதானமான வழி: மூச்சுப்பாதையைக் காத்து, காத்திருந்து, உடலே மருந்தைக் கழிக்க விடுவது.

அமெரிக்கா: ஆலையை மூடினால் போதை நிற்கும்

அமெரிக்கப் பகுதியை விரைவாகக் கடக்கிறேன், அது அதிகம் சொல்லப்பட்ட கதை. ரோரர் 714 என்று பொறித்த மாத்திரை கல்லூரி விடுதிகளிலும் நடன அரங்குகளிலும் புழங்கியது. 1973இல் செனட்டர் பெர்ச் பை தலைமையில் விசாரணை நடந்தது. அதே ஆண்டு கட்டுப்பாட்டுப் பட்டியலில் இரண்டாம் நிலைக்கு ஏற்றினார்கள். 1978இல் ரோரர் நிறுவனம் உரிமையை லெம்மன் என்ற நிறுவனத்திடம் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பிறகு ‘மன அழுத்த மருத்துவமனை’ என்ற பெயரில் கடைகள் முளைத்தன. பெயருக்கு ஒரு பரிசோதனை, உடனே சீட்டு, ரொக்கம். 1984இல் மருத்துவப் பயனே இல்லாதது என்ற முதல் நிலைக்கு அது போனது.

இதில் நின்று பார்க்க வேண்டியது ஒரே ஒரு மனிதரின் வேலை. போதைத் தடுப்பு முகமையில் இருந்த ஜீன் ஹெய்ஸ்லிப், கடத்தல்காரர்களைத் துரத்துவதற்கு முன்னால் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்: இந்தப் பொடியை உலகில் எத்தனை ஆலைகள் செய்கின்றன? விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கொலம்பியாவில் அச்சடித்து வந்த கள்ள மாத்திரைகளுக்கும் பொடி சட்டபூர்வமான ஆலைகளிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. அவர் நாடு நாடாகப் போய் அரசுகளிடம் பேசி ஆலைகளை நிறுத்த வைத்தார். சில ஆண்டுகளில் அமெரிக்கத் தெருவில் குவாலூட் கிட்டத்தட்ட இல்லாமல் போயிற்று. கஞ்சாவுக்கு வயல் போதும், அபினிக்கும் போதும். இதற்கு உலையும் வேதிப்பொருளும் ஆள்தேர்ச்சியும் வேண்டும், அதனால் இதைப் பிடிக்க முடிந்தது. எல்லாப் போதைப் பொருளுக்கும் இந்த வழி செல்லாது என்றாலும், மருந்தாகப் பிறந்தவற்றுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் தெரு அல்ல, ஆலைதான் என்பது என் கருத்து.

புட்டிக் கழுத்து

தென்னாப்பிரிக்காவிலும் 1977இல் மாண்ட்ராக்ஸ் தடை செய்யப்பட்டது. அங்கே மாத்திரை விழுங்கும் பொருளாகவே இருக்கவில்லை. கஞ்சாவோடு சேர்த்து, உடைந்த புட்டியின் கழுத்தில் வைத்துப் புகைத்தார்கள். ‘வெள்ளைக் குழாய்’ என்று அதற்குப் பெயர். மருந்தியலில் இது சின்ன மாற்றமல்ல. வயிற்றின் வழி போனால் கல்லீரலைத் தாண்டி மெல்ல ஏறும் மருந்து, நுரையீரல் வழி போனால் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். ஏற்றம் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவு ஆழமாகப் பழக்கம் வேர்விடும். புகைத்தவர் தலை தொங்கி, எச்சில் வடிய, சில நிமிடம் அப்படியே சரிந்து கிடப்பார். மாத்திரையைக் கட்டி நிறுத்தும் மாவும் கண்ணாடித் தூசும் நுரையீரலுக்குப் போகும். தூக்கத்துக்காக வடிவமைத்த மருந்தின் எந்தக் கணக்கும் இங்கே பொருந்தாது.

அந்த நாட்டில் இன்னொரு கறையும் உண்டு. நிறவெறி அரசின் இரசாயன, உயிரியல் ஆயுதத் திட்டமான ‘பிராஜெக்ட் கோஸ்ட்’டில் மெத்தகுவலோன் பெருமளவில் தயாரிக்கப்பட்ட செய்தி, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணையில் வெளிவந்தது. கூட்டத்தைக் கலைக்கப் பயன்படுமா என்று பார்த்தோம் என்பது சொல்லப்பட்ட காரணம். கறுப்பின மக்கள் வாழ்ந்த குடியிருப்புகளில் அந்த மாத்திரை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் அந்தக் காரணம் தொண்டையில் நிற்கிறது.

ஐரோப்பிய ஆலைகள் மூடிய பிறகு தென்னாப்பிரிக்கத் தேவைக்கு யார் ஊட்டினார்கள்? பெரும்பங்கு இந்தியா. 1984இல் இங்கும் தடை வந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் மெத்தகுவலோன் இடம்பெற்றது. அதன் மூலப்பொருளான ஆந்த்ரானிலிக் அமிலமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆனால் தயாரிக்கத் தெரிந்த கைகள், இயந்திரம், கப்பல் வழி எல்லாம் அப்படியே இருந்தன. ஹெய்ஸ்லிப்பின் வழி வென்றதற்குக் காரணம் ஆலைகள் வெளிப்படையாக இருந்தது. இங்கே அவை பூட்டிய கதவுக்குப் பின்னால் போய்விட்டன. உதய்பூரில் திறந்தது அப்படி ஒரு கதவு.

அதே சாலையில் அடுத்த வண்டி

இந்த நிகழ்வை நான் தூசு தட்டி எடுத்ததற்குக் காரணம் மாண்ட்ராக்ஸ் அல்ல, அதன் பிறகு அதே சாலையில் போனவை. 1962இல் குரூனெந்தால் உருவாக்கி 1977இல் விற்பனைக்கு விட்ட டிரமடால், ‘மார்ஃபின் போலப் பழக்கமாகாத வலி மருந்து’ என்ற தோரணையில் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றிப் புழங்கியது. மறுபடியும் ஓர் ‘அல்லாத’. உண்மையில் கல்லீரலின் ஒரு நொதி அதை உடைத்து, அதைவிடப் பல மடங்கு வலிமையாக அபினி ஏற்பியில் ஒட்டும் பொருளாக மாற்றுகிறது. அந்த நொதி ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கு வலிகூடக் குறையாத மாத்திரை இன்னொருவரின் மூச்சைத் தொடும். அளவு மிஞ்சினால் வலிப்பும் உண்டு, எடின்பரோக்காரர்களுக்குப் பழக்கமான காட்சிதான். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இந்தியாவிலிருந்து அது கொள்ளை கொள்ளையாகப் போனது. 2018 ஏப்ரலில் நம் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

டிரமடால் மீது பிடி இறுகியதும் டபென்டடால் என்ற இன்னொரு வலி மருந்து முன்னுக்கு வந்தது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ‘வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காக விற்ற இளைஞர்கள் கைது’ என்று வரும் சின்னச் செய்திகளில் பலவற்றில் அந்த மருந்துதான். மாத்திரையை நீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். புட்டிக் கழுத்தில் புகைத்தவர்களைப் போலவே, விழுங்கச் செய்த மருந்தின் பாதையை மாற்றுகிறார்கள். விளைவாகக் கையில் சீழ்க்கட்டி, அடைத்துப்போன இரத்தக்குழாய், பகிர்ந்த ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி.

2025 பிப்ரவரியில் பிபிசி ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. மும்பையைச் சேர்ந்த ஒரு மருந்து நிறுவனம் டபென்டடாலையும் காரிசோப்ரடால் என்ற தசைத் தளர்ப்பியையும் ஒரே மாத்திரையில் சேர்த்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. உலகில் எந்த நாட்டிலும் மருத்துவப் பயன்பாட்டுக்கு உரிமம் பெறாத கூட்டு அது. செய்தி வந்த சில நாட்களில் இந்திய அரசு அந்தக் கூட்டின் தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளைத் திரும்பப் பெற்றது.

டபென்டடால் அபினி ஏற்பியின் வழியாக மூச்சை அடக்கும். காரிசோப்ரடாலோ காபா வாயிலின் வழியாக. இரண்டையும் ஒரே மாத்திரையில் வைத்தவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை, இரண்டாம் ஆண்டு மருந்தியல் மாணவனுக்கே தெரியும். வகுப்பில் இந்தக் கூட்டைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, காரிசோப்ரடால் கல்லீரலில் எதுவாக மாறுகிறது என்று கேட்பது என் வழக்கம். நூலகத்தின் பழைய நூலைப் புரட்டியவர்கள் மட்டும் சட்டென்று சொல்கிறார்கள்: மெப்ரோபமேட். பார்பிட்யூரேட் அல்லாத துயில் மருந்துகள் என்ற அந்தத் தலைப்பின் கீழ், 1955 என்று போட்டிருக்கும் அதே பெயர்.